பதினேழாம் இலக்கத்துப் புகை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நாம் விட்டுவந்தபோது, கட்டட வேலை மேற்பார்க்கும் நிக்கலஸ் ஓவசியர் பாயில் புரண்டுகொண்டிருந்தார். விடிந்தால் இந்தியாவிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிறது. அதில் அவருடைய மனைவி மக்டலினும் மகள் யூடிற்றும் வருவார்கள். வரவேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில்தான் மனிதனுக்கு நித்திரை போனது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் மன்னாருக்கு, தாய் வீட்டுக்கு, பத்து நாள் என்று சொல்லிப் போனவள் மக்டலின், அவருக்கு மகி. போன நாலாம் நாள் சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. தாயும் மகளும் தோணியேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஓவசியர் இங்கே, அவர்கள் அங்கே. நாலு வருசம் ஆகப்போகிறது. இடையில் இருந்ததெல்லாம் கடிதந்தான்.

அந்த நாலு வருசத்தில் அவர் செய்த ஒரே காரியம், நிலாவெளி வீதியில் உப்புவெளிப் பக்கம் எழும்பியிருக்கும் இருபத்துநாலு வீட்டுத் திட்டம். எட்டு வீடு உறுதி வீடு, சொத்துப் பத்திரத்தோடு. தவணை கட்டி முடித்தால் சொந்தம். எட்டு வீடு வாடகைக்கு. அரசாங்கக் கச்சேரி, துறைமுகம் என்று வேலை பார்ப்பவர்களுக்கு. மற்ற எட்டும் ஊர் இழந்து வந்தவர்களுக்கு இலவசமாக.

மூன்றையும் மூன்று வரிசையாகக் கட்டுவோம் என்றது வீடமைப்புச் சங்கம். ஓவசியர் ஒற்றைக் காலில் நின்றார். மூன்று வரிசை கட்டினால் மூன்றாவதுக்கு அகதி வரிசை என்று பெயர் வந்துவிடும், பிறகு நூறு வருசத்துக்கு அழியாது என்றார். இலவசம் ஒன்று, உறுதி ஒன்று, வாடகை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கலந்து கட்டுவித்தார். ஒரே ஓடு, ஒரே உயரம், ஒரே பச்சைக் கதவு. வெளியிலிருந்து பார்த்தால் எது எவருடைய வீடென்று கடவுளுக்கும் தெரியாது.

அவர் செய்த இன்னொரு வேலைதான் இன்றைக்கு அவர் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.

கொழும்பிலும் கனடாவிலும் இருந்துகொண்டு உறுதி வீட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டை ஆமிக்காரன் காவலரண் ஆக்கிவிடுவான்; ஒரு வீடு காவலரண் ஆனால் மற்ற இருபத்துமூன்று வீட்டிலும் ஆள் இருக்க ஏலாது. ஆகையால் ஓவசியர் ஒன்பதாம் விதியை எழுதினார். திறப்பு, அதாவது வீட்டுச் சாவி, கொடுக்கும் நாளில், பகல் பன்னிரண்டு மணிக்குள், உறுதிக்காரரின் குடும்பம் அந்த வீட்டில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு எரியாத வீடு, காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போகும். தனி ஆம்பிளை ஒருத்தன் வந்து அன்றைக்கு மட்டும் மூட்டிவிட்டு மறுநாள் பூட்டிக்கொண்டு போவான் என்று, 'குடும்பம் என்றால் மனைவி மக்கள்' என்பதையும் தன் கையாலேயே சேர்த்தார்.

அந்த விதியைக் காட்டித்தான் போன மாதம் பேணாட்டின் பெயரை வெட்டினார். கொழும்பில் வேலை செய்யும் பேணாட், மாமியாரைக் கொண்டுவந்து ஐந்தாம் இலக்கத்தில் இருத்துகிறேன் என்று கெஞ்சினான். மாமியார் மனைவியும் இல்லை, மக்களும் இல்லை என்றார் ஓவசியர்.

பதினேழாம் இலக்கம் ஓவசியருடையது. திறப்புக் கொடுக்கும் நாளும் கப்பல் வரும் நாளும் ஒன்றாக வந்து விழுந்ததைப் பார்த்து, மாதா தனக்காகவே ஒழுங்கு பண்ணினாள் என்று பூரித்துப்போயிருந்தார் மனிதர்.

*

துறைமுக வாசலுக்கு அவர் போய்ச் சேர ஏழரை ஆகிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் மறித்து, சைக்கிளின் குழாய்க்குள்கூட எட்டிப்பார்த்தார்கள்.

"ரெண்டு பஸ் போயிட்டுது," என்றார் வாசலில் நின்ற ஒரு பெரியவர். "ஆறரைக்கே ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

"எந்தப் பக்கம்?"

"முகாமுக்குத்தான். ஆனா ஊருக்குள்ள சொந்தக்காரர் இருக்கிற ஆக்களை வழியில இறக்கினவங்களாம். எனக்கு வடிவாத் தெரியாது."

அந்த 'வடிவாத் தெரியாது' என்பதைப் பிடித்துக்கொண்டு ஓவசியர் மூன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்.

பஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு யன்னலாகப் பார்த்தார். யூடிற்றைத் தனக்கு அடையாளம் தெரியுமோ என்ற பயம் மூன்றாவது பஸ்சில்தான் வந்தது. பதினொரு வயதில் போனவள், இப்போது பதினைந்து. பெட்டைகளின் முகமெல்லாம் ஒன்றுபோலக் கறுத்து மெலிந்திருந்தன. ஒருத்தி அவரை உற்றுப் பார்த்தாள். அவர் கையை உயர்த்தினார். அவள் தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தாய் மக்டலின் இல்லை.

அவருடைய தங்கை சீலா கச்சேரியில் எழுதுவினைஞர். திரும்பி வருபவர்களைப் பதிகிற வேலைக்காக விடியமுன்னரே துறைமுகத்துக்குள் போயிருந்தாள். பெயர்ப்பட்டியல் முழுக்க அவள் கையில்தான். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று ஓவசியர் பார்த்துக்கொண்டே நின்றார். சீலா வரவில்லை.

பதினொரு மணிக்குக் கடைசி பஸ்.

"ஓவசியர் ஐயா."

யன்னலால் தலையை நீட்டியவன் இராசையா. முன்னொரு காலம் அவரிடம் மேசன் வேலை பார்த்தவன். தலை அரைவாசி நரைத்திருந்தது. கையில் ஒரு கடித உறை.

"அக்கா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ."

"எங்க அவ? முதல் பஸ்சிலயோ?"

பஸ் நகர்ந்துவிட்டது. இராசையா ஏதோ சொன்னான். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உறைமட்டும் ஓவசியர் கையில் இருந்தது.

அவர் அதைப் பிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. எதற்காக அவசரப்படுகிறோம் என்று தெரியாமலே மிதித்தார். கடைத்தெருவில் இரண்டு பேர் 'என்ன ஓவசியர், வந்திட்டினமோ' என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் தலையாட்டினார். அந்த ஆட்டலை எப்படியும் எடுக்கலாம்.

நிலாவெளி வீதியில் திரும்பியதும் வீடுகள் தெரிந்தன. ஓட்டுக்கு மேலால் அங்கங்கே புகை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தவர் பதினேழில் நின்றுவிட்டார்.

பதினேழாம் இலக்கத்துக் குசினிப் புகைக்கூண்டாலும் புகை வந்துகொண்டிருந்தது.

சொந்தக்காரர் இருக்கிற ஆட்களை வழியில் இறக்கினவங்களாம். முதல் பஸ். ஆறரை மணி. நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். கடிதம் கொடுத்துவிட்டவள் கூடவே எப்படி வந்திருப்பாள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. நாலு வருசம் காத்திருந்தவனுக்குப் புகை போதும். சைக்கிளைக் கிணற்றடியில் அப்படியே விழுத்திவிட்டு, ஐம்பது வயது மனிதர், செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினார்.

"மகி."

அடுப்படியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். சீலா.

*

"அவ வரேல்லை அண்ணை," என்றாள் சீலா. "ரெண்டு பேற்ற பேரும் லிஸ்டில இல்லை. விடியக் காலமையே பாத்தனான்."

ஓவசியர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவரே தூக்குக்குண்டு பிடித்து நிறுத்திய நிலை.

"வாசலில நிண்டனான். மூண்டரை மணித்தியாலம்."

"தெரியும். பின்பக்கத்துக் கேற்றால கச்சேரி வானில ஏறி வந்தனான். அத்தனை சனத்துக்கு நடுவில உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு." அவள் அகப்பையைத் துடைத்தாள். "அரைநாள் லீவு போட்டன். என்ர வீட்டுக்கு எண்டு வாங்கி வச்ச பாலைத்தான் இஞ்ச கொண்டந்து வச்சிருக்கிறன். நீங்கள் ஒண்டும் கதையாதைங்கோ. அடுப்புப் பாக்கிற காசிநாதர் ஐயா பதினாலாம் நம்பருக்கு வந்திட்டார். நான் கதைக்கிறன்."

சீலாவின் வீடு அடுத்த வீடு, பதினெட்டு, வாடகை வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் குடும்பம் பதினேழில், தான் பதினெட்டில் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு. அவளை யாரும் கேட்கவில்லை. முப்பத்தொன்பது வயதுக் கல்யாணமாகாத தங்கையை இந்த மாதிரி விசயங்களில் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

சங்கத் தலைவர் காசிநாதர் கொப்பியும் பேனையுமாக வந்துவிட்டார். பின்னால் நாலைந்து பேர். கிணற்றடியில் பேணாட் நின்றான். வீடு கிடைக்காவிட்டாலும் வேடிக்கை பார்க்க உரிமை உண்டு என்று கொழும்பிலிருந்து வந்திருந்தான்.

காசிநாதர் குசினிக்குள் எட்டிப்பார்த்தார். சீலாவைக் கண்டார். ஓவசியரின் முகத்தைக் கண்டார். பழுத்த மனிதர், கேள்வி கேட்கவில்லை.

"அடுப்பு எரியுது," என்றார் மெதுவாக. "பதினேழு, சரி எண்டு எழுதிறன்."

பேனை கொப்பியைத் தொட்டது. ஓவசியருடைய வீடு அந்த இடத்தில் அவருடையதாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்துத்தான் மிச்சம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"எழுதாதைங்கோ ஐயா."

"ஏன்?"

"இது என்ர குடும்பத்தின்ர அடுப்பில்லை."

"தங்கச்சியும் குடும்பந்தான் ஓவசியர். ஊர் உலகம் அப்பிடித்தான் சொல்லும்."

"ஒன்பதாம் விதி அப்பிடிச் சொல்லேல்லை."

காசிநாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விதியை எழுதினதும் நீர். வீட்டைக் கட்டினதும் நீர். இப்ப வீடு வேண்டாமெண்டு நிக்கிறதும் நீர். எனக்கு இதில என்ன வேலை?" என்று சலித்துக்கொண்டார். பிறகு, வேறு வழியில்லாமல், "காத்திருப்பில முதல் ஆள் ஆர்?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் தெரியும். சிவகாமிப்பிள்ளை. எண்பத்தைந்தில் திரியாய் ஊரிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு எழும்பி வந்தவள். ஒன்பது வருசமாகக் கிடுகுக் கொட்டில். இலவச வீடு வேண்டாம், தவணை கட்டி உறுதியோடு தாருங்கள் என்று கேட்டுக் காத்திருந்தவள். காரணம் ஒன்றுதான். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. தாய் வீட்டை மகள் பேரில் எழுதினால்தான் கல்யாணம் நடக்கும். இலவச வீட்டை எவர் பேரிலும் எழுத ஏலாது. இருபத்தாறு வயது மூத்தவள் அதனால்தான் இன்னும் தாயோடு இருக்கிறாள்.

இந்த வீடுகளுக்கு மணல் அரித்தவளும் சிவகாமிப்பிள்ளைதான். கூப்பிட்டதும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றாள். விசயத்தைக் கேட்டதும் ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"ஆரோ மூட்டின அடுப்பில நான் எப்பிடி ஐயா பால் காய்ச்சுறது? எரியிற அடுப்பை அணைச்சுப்போட்டு மூட்டவும் கூடாது. அது சரியில்லை." சீலாவைப் பார்த்தாள். "பிள்ளை சொன்னால்தான் நான் உள்ளுக்கு வருவன்."

எல்லோரும் சீலாவைப் பார்த்தார்கள். சீலா அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டும் பாராமலும் நின்ற நேரத்தில் பால் பொங்கிவிட்டது. எவருடைய பால், எவருடைய அடுப்பு என்று தீருமட்டும் பால் காத்திருக்குமா? சட்டியின் நாலு பக்கமும் வழிந்து நெருப்பில் விழுந்து, குசினியெல்லாம் கருகிய மணம் பரவியது.

"பொங்கீட்டுது," என்றாள் சீலா. அகப்பையைச் சிவகாமிப்பிள்ளையின் கையில் வைத்தாள். "இறக்குங்கோ அக்கா. அடிப்பிடிக்கப் போகுது."

அவள் வெளியே போகும்போது அண்ணனுக்கு அருகில் ஒரு கணம் நின்றாள்.

"பேணாட் பாத்துக்கொண்டு நிக்கிறான் எண்டுதானே இதைச் செய்தீங்கள்?"

அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல ஓவசியருக்கு ஆசை. ஆனால் பேனை கொப்பியைத் தொட்ட நேரம் அவர் கண் கிணற்றடிக்குத்தான் போனது என்பது அவருக்கே தெரியும்.

*

பின்னேரம் சாமான் எடுக்கப் போனார். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் தொங்கவிட்ட மாதா படம், மக்டலினுக்கென்று வாங்கிவைத்த முகம் பார்க்கும் கண்ணாடி.

சிவகாமிப்பிள்ளை அடுப்படியில் குனிந்து கறி ஆக்கிக்கொண்டிருந்தாள். மிகவும் குனிய வேண்டியிருந்தது அவளுக்கு. மக்டலின் கட்டையான ஆள். மற்ற இருபத்துமூன்று வீட்டிலும் அடுப்பு மேடை இரண்டரை அடி. இந்த வீட்டில் மட்டும் நாலு அங்குலம் பதித்துக் கட்டினார் ஓவசியர். ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர், இந்த ஒரு களவை யாருக்கும் சொல்லாமல் செய்திருந்தார்.

"மேடையை உயர்த்தித் தாறன்," என்றார். "ரெண்டு வரிசைக் கல்லு வச்சாச் சரி."

"வேண்டாம் ஐயா. பழகீடும்." அவள் நிமிரவில்லை. "அவ வந்தால் ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் ஒண்டும் மாத்தாமல் வச்சிருக்கிறன்."

ஓவசியர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார். அதில் தன் முகம் தெரிந்தது. முகம் தெரியாதபடி திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

*

பதினெட்டாம் இலக்கத்தில் அடுப்பு எரியவில்லை.

சீலா அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. ஓவசியர் குசினியில் நெருப்பு மூட்டி, கேத்திலை வைத்து, வெறும் தேத்தண்ணி இரண்டு கோப்பை ஊற்றினார். பால் இல்லை. ஒரு கோப்பையை அவள் கதவடியில் கொண்டுபோய் வைத்தார். மற்றதோடு மேசையில் இருந்துகொண்டு, காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கடிதத்தை எடுத்தார். வியர்வையில் நனைந்து மை ஒரு பக்கம் கசிந்திருந்தது.

சேசு மரி சூசை என்று தலைப்பில் எழுதி, கீழே மக்டலின் எழுதியிருந்தாள்:

'யூடிற்றின்ர அப்பாவுக்கு,

நாங்கள் இந்தக் கப்பலில் வரவில்லை. பேர் கொடுக்கச் சொல்லி முகாமில் வந்து கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கோவிக்க வேண்டாம்.

பேர் கொடுக்க முதல் உங்கட கடிதம் முழுவதையும் எடுத்து வாசிச்சுப் பார்த்தேன். முப்பத்தொரு கடிதம். அத்திவாரம் எத்தனை அடி என்று எழுதியிருக்கிறியள். யன்னல் மூண்டுக்கு நாலு என்று எழுதியிருக்கிறியள். ஓடு எங்கே எடுத்தது, மேசன் எத்தனை நாள் வரவில்லை, எல்லாம் எழுதியிருக்கிறியள். அதில ஒண்டிலயாவது, மகி, வா என்று எழுதவில்லை. யூடிற்றும் தேடிப் பார்த்தாள். அவளுக்கும் அகப்படவில்லை.

வீடு முடிஞ்சுது என்று போன கடிதத்தில் எழுதினியள். அதுக்குப் பிறகும் எழுதவில்லை. அங்க எங்களுக்காக ஆர் காத்திருக்கினம் என்று எனக்குத் தெரியவில்லை. வீடு காத்திருக்குது. அது மட்டும் தெரியும்.

சித்திரையில் இன்னொரு கப்பல் வருமாம். பங்குனி இருபதுக்குள் பேர் கொடுக்க வேணும். நான் யோசிக்கிறேன்.'

ஓவசியர் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. தேவைப்படவில்லை.

வா என்று எழுதவில்லையா? அதற்காகத்தானே ஒவ்வொரு கல்லும் வைத்தது. அடுப்பு மேடையை நாலு அங்குலம் பதித்தது வேறு எதற்காம்? யன்னல் மூன்றுக்கு நாலு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மனுசிக்கு விளங்காதா? இப்படியெல்லாம் கொஞ்ச நேரம் கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் நிற்கவில்லை. அவளுக்கு ஏன் விளங்கவேண்டும்? அவள் மேசன் இல்லை. அந்த மேடையைப் பற்றிக்கூட அவர் எழுதவில்லை. களவாகச் செய்த வேலை கடிதத்தில் எப்படி வரும்?

சுவருக்கு அந்தப் பக்கம் சிவகாமிப்பிள்ளையின் பெண்பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். பானை உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒற்றைக் கல் சுவர். சத்தம் வரும் என்று அவருக்கு அப்போதே தெரியும். தன் வீட்டுச் சத்தம் சீலாவுக்குக் கேட்கும், அவளுக்கு அது துணையாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் வைத்திருந்தார். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

கடுதாசி எடுத்தார். மகி என்று எழுதினார். வழக்கப்படி கை அடுத்த வரியில் வீட்டைத் தேடியது. எழுத வீடு இல்லை. பதினேழாம் இலக்கம் போய்விட்டது. அடி, அங்குலம் ஒன்றும் மிச்சமில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு எழுதினார்.

'வீடு இல்லை. என்ர விதியாலயே போட்டுது. நான் தனிய இருக்கிறன். ஏலாமல் இருக்குது. நீயும் பிள்ளையும் வாருங்கோ.'

ஐந்தே வரி. ஓவசியர் வாழ்நாளில் எழுதிய மிகச் சின்னக் கடிதம்.

உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் இரண்டு விசயம் உறைத்தது. தபாலில் போட்டால் ஒன்றரை மாதம். அதற்குள் பங்குனி இருபது போய்விடும். நாளைக் காலை ஏழு மணிக்குக் கப்பல் திரும்புகிறது. கையொப்பமிட்ட பட்டியலோடு கப்பலுக்குள் போகப்போவது சீலா. கப்பலில் வந்த அகதி அலுவலர் கையில் ஒரு கடிதம் கொடுத்துவிட அவளால் மட்டும்தான் முடியும்.

மற்றது, விலாசம். இந்தியாவுக்குப் போகிற கடிதத்தில் விலாசம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று, முப்பத்தொரு உறையிலும் விலாசம் எழுதியவள் சீலாதான். ஓவசியரின் ஆங்கிலம் சீமெந்து மூட்டையோடு சரி.

அறைக்கதவு திறந்தது. சீலா கோப்பையோடு வந்தாள். தேத்தண்ணி அப்படியே இருந்தது. ஆறிப்போயிருந்தது. மேசையில் இருந்த, விலாசம் எழுதாத உறையைப் பார்த்தாள்.

"மச்சாளுக்கோ?"

"ஓம்."

"என்ன எழுதினீங்கள்?"

"வா எண்டு."

சீலா கதிரையை இழுத்து இருந்தாள்.

"எங்கட அம்மான்ர வீடு எரிஞ்சது எந்த வருசம் எண்டு ஞாபகம் இருக்கோ அண்ணை?"

"எண்பத்தஞ்சு."

"அது எனக்கு எண்டு வச்சிருந்த வீடு." குரல் உயரவில்லை. "அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைக் கேட்டு வரேல்லை. நீங்கள் இருபத்துநாலு வீடு கட்டினியள். உறுதி ஆருக்கு, வாடகை ஆருக்கு, சும்மா ஆருக்கு எண்டு எத்தனை நாள் இருந்து எழுதினியள். அந்தக் கடுதாசியை எல்லாம் படி எடுத்துத் தந்தது நான். எனக்கு ஒரு வீடு வேணும் எண்டு உங்களுக்கு ஒருநாளும் தோன்றேல்லையோ?"

ஓவசியர் உறையை மேசையில் நேராக வைத்தார். அவளுக்குச் சம்பளம் இருக்கிறது, தனி ஆள், வாடகை வீடு போதும் என்று ஒரு நிமிசத்தில் முடித்துவிட்ட விசயம் அது. எந்த நாளில் முடித்தார் என்பதுகூட ஞாபகமில்லை.

"காலமை அந்த அடுப்பை உங்களுக்காக மட்டும் மூட்டேல்லை," என்றாள் சீலா. "ஒரு அரை மணித்தியாலம், அது என்ர வீடு போல இருந்தது. அவ்வளவுதான்."

அவள் பேனையை எடுத்தாள். உறையைத் தன் பக்கம் இழுத்தாள். தலையைச் சரித்து, அழகான சாய்ந்த எழுத்தில், முகாமின் பெயர், வட்டாரம், மாவட்டம் என்று மனப்பாடமாக எழுதி முடித்தாள். மை காயும்வரை ஊதினாள்.

பிறகு எழும்பினாள். கதிரையில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உறையை எடுக்கவில்லை.

"சீலா, கப்பல் ஏழு மணிக்கு."

"தெரியும்."

"கொண்டுபோவியோ?"

அவள் அறைக் கதவில் கையை வைத்தபடி நின்றாள். திரும்பவில்லை.

"காலமை பாப்பம்," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஓவசியர் மேசையடியில் அப்படியே இருந்தார். பதினேழிலிருந்து கொண்டுவந்த அந்த எட்டு அடி மேசையை அவரேதான் இழைத்தது. எட்டுப் பேர் இருந்து சாப்பிடலாம். நடுவில் கடிதம் கிடந்தது, விலாசத்தோடு. சுவருக்கு அந்தப் பக்கம் சிவகாமிப்பிள்ளை பிள்ளைகளைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.